பால் கவரின் மூலை

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, மதில்மேல் இருந்த நீலநிறப் பால் பெட்டியும் அதன்மேல் விரித்துவைத்த குடையும். மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடைக்குக் கீழே ஆள் இல்லை. பால் பாக்கெட்டுகள் மட்டும் நனையாமல் இருந்தன. குடைக்கு உரியவர் பத்தடி தள்ளி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்காலளவு சாக்கடைத் தண்ணீரில் நின்றிருந்தார்.

தொண்ணூற்று நான்காம் வருடம், ஸ்ரீராம்புரம். நான் அப்போது பெங்களூரில் ஒரு தமிழ் நாளிதழில் நிருபர். மழைச் சேதத்தைப் பார்த்து எழுத என்னை அனுப்பியிருந்தார்கள்.

"இன்னா சார் வேடிக்கை? இந்தப் பக்கம் சொல்ப புடிங்க," என்றார். சொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம்.

நோட்டுப் புத்தகத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்தச் சந்தின் மோரி, அதாவது சாக்கடை, போய்ப் பெரிய கால்வாயில் விழும் இடத்தில் கனமான கம்பிவலை ஒன்று பொருத்தியிருந்தார்கள். குப்பை கால்வாய்க்குள் போகாமல் தடுப்பதற்காக வைத்தது. மழை பெய்தால் வலை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் திரும்பிச் சந்துக்குள் ஏறும். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வலையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தோம். குப்பையும் தண்ணீரும் ஒன்றாகக் கால்வாய்க்குள் பாய்ந்தன. ஐந்து நிமிடத்தில் சந்து வடிந்துவிட்டது.

"இல்லேன்னா எங்க வூட்டுக்காரர் மெதப்பாரு," என்றார்.

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். சந்தில் எல்லா வீடுகளையும்விடத் தாழ்ந்த வீடு அவருடையது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். மில்லில் வேலை பார்த்தவர். முதுகில் அடிபட்ட பிறகு இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் ஒருநாள், மனைவி பால் போடப் போயிருந்த நேரத்தில், தண்ணீர் கட்டில் கயிற்றைத் தொட்டுவிட்டது. அக்கம்பக்கத்தார் வந்து தூக்கும்வரை அவர் அப்படியே கிடந்திருக்கிறார்.

"நான் கட்டில்ல படுத்துருக்கல சார், கப்பல்ல படுத்துருக்கேன்," என்றார் என்னிடம். "கேப்டன் அவதான். அவ பால் போடப் போயிட்டா கப்பலுக்கு ஆளு கெடையாது."

அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியும்; இங்கே தேவையில்லை. சந்தில் எல்லோரும் பால்காரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மேட்டிலுள்ள மல்லேஸ்வரத்தில் தினமும் நூற்றுச் சொச்சம் வீடுகளுக்குப் பால் போட்டார். அந்த வீடுகளில் ஒன்று என்னுடையது என்பது அந்த மழைக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதுவரை பால் வாசலில் தானாகவே முளைப்பதாக நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் முழுதாகக் கேட்டுவிட்டு, "அப்புறம் எங்க போவும்?" என்பார். பழைய பேப்பரை எடைக்குப் போட்டேன் என்றால், கடைக்காரன் அதை எங்கே அனுப்புவான் என்று கேட்பார். பல் பிடுங்கிய டாக்டரிடம், "புடுங்கின பல்லு எங்க போவும்?" என்று கேட்டிருக்கிறார். "குப்பைக்கு," என்று டாக்டர் சொல்ல, "குப்ப எங்க போவும்?" என்றிருக்கிறார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டாராம். விசாரணைக் கமிஷன் செய்தி ஒன்றைப் படித்துக் காட்டியபோது என்னிடமும் அப்படித்தான் கேட்டார்: "ரிப்போர்ட்டு குடுத்தாங்க, சரி. அது அப்புறம் எங்க போவும்?" நிருபர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது இந்த ஒரு கேள்வி வருகிறதா என்று பார்த்தால் போதும் என்று எனக்குத் தோன்றும்.

மழை முடிந்த ஒரு வாரத்தில் வலையைப் பற்றியும் கேட்டார். பால் பாக்கெட்டைக் கையில் கொடுத்தபடியே கேட்டார்.

"அன்னிக்கு தூக்கி வுட்டோமே சார், அந்தக் குப்ப அப்புறம் எங்க போச்சு?"

"விருஷபாவதி ஆற்றில் போய்ச் சேரும்," என்றேன்.

"அப்புறம்?"

"அர்க்காவதி."

"அப்புறம்?"

"காவிரிம்மா."

அந்த ஆண்டுகளில் பெங்களூர்த் தமிழர்கள் அந்தச் சொல்லைத் தெருவில் உரக்கச் சொல்லத் தயங்குவார்கள். அவரும் தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "காவிரி, அப்புறம்?"

"மேட்டூர், திருச்சி, தஞ்சாவூர். கடைசியில் பூம்புகார். கடல். என் ஊர் அங்கேதான் பக்கத்தில்."

"அங்க வரைக்குமா போவும்?"

எனக்குத் தெரியாததை எழுதிப் பழக்கமில்லை. "எல்லாம் போகுமா என்று தெரியாது. நடுவில் அணை இருக்கிறது. கொஞ்சம் நடுவிலேயே நின்றுவிடும்," என்றேன்.

அவர் யோசித்தார். "நின்னா நிக்கற எடத்துலயும் யாராவது இருப்பாங்க இல்ல?" என்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவர் கடலைப் பார்த்ததே இல்லை.

மறுநாள் கணவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். "கீழ தண்ணி வுடத்தான் கோர்ட்டு ஆர்டர் வோணும். குப்பைக்கு வோணாம் போல," என்றாராம் கணவர். அன்று மாலை பால்காரம்மா சுவரில் சாய்த்திருந்த வலையை எடுத்துப் பழைய இடத்தில் பொருத்தினார். இனிமேல் மழை வந்தாலும் இதைத் தூக்குவதில்லை என்று சந்தில் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரிக்கு வாய் பெரிது. அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாக்கா, ராத்திரி கடல் கனவுல வந்துச்சா? கடலு எங்க கீது, நீ எங்க கீறே?"

"கீழ இருக்கறவங்க வூட்டுல நம்ம குப்ப போவுதுடி."

"போவட்டும். மேல இருக்கறவங்க குப்ப நம்ம வூட்டுக்கு வரலயா? யாரு கேட்டா?"

"அத்தத்தான் கேக்கணும்," என்றார் பால்காரம்மா.

"நீ கேட்டு முடிக்கறதுக்குள்ள உம் புருசன் மெதந்துருவான். மழ வரட்டும், நானே தூக்கறேன் பாரு."

வலையைத் தூக்கினால் வீடு பிழைக்கும். இதில் சந்தேகமே இல்லை. நானே தூக்கிப் பார்த்தவன். அதைத் தூக்காமல் வைத்துக்கொண்டு, அசையமுடியாத கணவரை அதே தாழ்ந்த வீட்டில் படுக்கவைத்துவிட்டு ஒரு பெண் தினமும் பால் போடப் போனார். அடுத்த மழைக்குள் வலை அடைக்காமல் இருக்க வழி தேடவேண்டும். அவருக்கு இருந்தது அவ்வளவு அவகாசம்தான்.

அவர் முதலில் செய்தது, வலையில் சிக்கியதைப் பிரித்துப் பார்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வாசலில் சாக்கு விரித்து, சேற்றை அலசி, வகைவகையாகக் குவித்துவைத்திருந்தார். தேங்காய் மட்டை, செருப்பு, துணி, கேரி பேக். இவற்றையெல்லாம் கையால் இழுத்தால் வந்துவிடும் என்றார். கடைசிக் குவியல் சின்னது. கட்டைவிரல் நகம் அளவுக்கு முக்கோண முக்கோணமான பிளாஸ்டிக் துண்டுகள்.

"இது வராது சார். மீன் செதிலு மாதிரி கம்பியில ஒட்டிக்குது. இதும்மேல மண்ணு ஒட்டுது. அப்புறம் செவுருதான்."

ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இன்னான்னு தெரியுதா?"

தெரியவில்லை.

"பால் கவரு மூல சார். நான் போடற பாலு."

காலையில் பாலைக் காய்ச்சும்போது கத்தரிக்கோலால் கவரின் மூலையை வெட்டுகிறோம். வெட்டிய துண்டு தொட்டியில் விழுந்து, தண்ணீரோடு மேட்டிலிருந்து இந்த மோரிக்கு வந்துவிடுகிறது. காலி கவரைப் பழைய சாமான்காரர் எடுப்பார், குப்பை பொறுக்குகிறவர் எடுப்பார். நகம் அளவு மூலையை யாரும் எடுப்பதில்லை. பல வருடங்கள் தினம் இரண்டு மூலை வெட்டியிருக்கிறேன். அது எங்கே விழுகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாள் முதல் பால்காரம்மா இடுப்பில் ஒரு கத்தரிக்கோலையும் செருகிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று வெட்டிக் காட்டினார். "முழுசா வெட்டாதீங்க. முக்கால் வெட்டி கால் வுட்ருங்க. மூல கவரோட தொங்கட்டும். பாலு நல்லாத்தான் ஊத்தும், பாருங்க." காலி கவரை அலசி மறுநாள் தன்னிடமே கொடுக்கச் சொன்னார். வாங்கிய கவரைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், கள்ளநோட்டு பார்ப்பதுபோல. மூலை இல்லையென்றால் மணியடிப்பார்.

"மூல எங்கம்மா?"

கோபமாகக் கேட்கமாட்டார். தொலைந்துபோன தோட்டைப் பற்றி விசாரிப்பது மாதிரி இருக்கும். எட்டாவது கிராஸ் தெருவில் ரிட்டயரான என்ஜினீயர் ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, தொட்டிக்குக் கீழே டார்ச் அடித்து மூலை தேடியதை நானே பார்த்தேன். கிடைத்ததும் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார், பரிசு வாங்கியவர்போல. "தேங்க்ஸ் சார்," என்று வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு பால்காரம்மா நடந்தார்.

வீட்டில் கணவர்தான் செக்கிங். கட்டிலுக்கு மேலே கயிறு கட்டி, கவர்களை ஒவ்வொன்றாகக் கிளிப்பில் மாட்டி உலர்த்துவார். மூலை தொங்காத கவர் எந்த வீட்டுடையது என்று, வாங்கிவந்த வரிசையை வைத்து மறுநாளைக்குச் சொல்லிவிடுவார். "அந்தப் பச்சக் கேட்டு வூடு மூணாவது தடவ. பெரிய ஆபீசராம். ஒரு மூலய அடக்கத் தெரியல."

ஜூன் வந்தது. அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது.

என் தெருக்கோடியில் ஒரு டீச்சரம்மா இருந்தார். கன்னடப் பள்ளியில் வேலை பார்க்கும் தமிழர். வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரம். நல்ல மனசு, அவசரக் காது. பால்காரம்மா மூலை மூலையென்று கேட்கிறார், அவருடைய கணவர் நடக்கமுடியாதவர் என்ற இரண்டு செய்திகளும் அவரிடம் தனித்தனியே வந்துசேர்ந்தன. அந்த நாளில் ஊரில் இப்படிப்பட்ட பேச்சு நிறைய உலவும். இத்தனை காலி சிகரெட் பெட்டி சேர்த்தால் ஒருவருக்கு ஆபரேஷன் இலவசம், இத்தனை பஸ் டிக்கெட் சேர்த்தால் கண் கிடைக்கும் என்பார்கள். டீச்சரம்மா இரண்டு செய்தியையும் கூட்டினார். பத்தாயிரம் மூலை சேர்த்தால் பால் கம்பெனி சக்கர நாற்காலி கொடுக்கிறது என்று அவருக்கு விடை கிடைத்தது. பள்ளியில் சொன்னார். கோயிலில் சொன்னார்.

மூன்று வாரத்தில் மல்லேஸ்வரத்துச் சமையலறைகளில் மூலை வெட்டுவது புண்ணிய காரியமாகிவிட்டது. தொங்கவிட்டுக்கொண்டிருந்தவர்களும் மறுபடி முழுதாக வெட்டத் தொடங்கினார்கள். ஊறுகாய் பாட்டில்களில் சேர்த்தார்கள். பால்காரம்மா பால் போடாத வீடுகளிலிருந்தும் பாட்டில்கள் வந்தன.

விஷயம் பால்காரம்மாவுக்குத் தெரிந்த காலையில் நான் வாசலில் நின்றிருந்தேன். டீச்சரம்மா கழுத்துவரை நிறைந்த பாட்டிலை இரண்டு கையாலும் நீட்டினார்.

"எழுநூத்துக்கு மேல இருக்கும்மா. வண்டிக்கு இன்னும் எவ்வளவு வேணும்?"

"எந்த வண்டிக்கு?"

டீச்சரம்மா சொன்னார். பால்காரம்மா பாட்டிலை வாங்கிக்கொண்டார். திரும்பி நடந்து என் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். பால் போடும் நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று நான் சொன்ன யோசனை எனக்குப் பெருமை தருவதல்ல. அப்படியே விட்டுவிடுங்கள் என்றேன். பாட்டிலில் இருக்கும் மூலை மோரியில் இல்லை. நமக்கு வேண்டியதும் அதுதானே? நாற்காலி விஷயத்தை நீங்கள் சொல்லவில்லை. பொய் உங்களுடையது அல்ல. மழைக்காலம் முடியட்டும்.

அவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வண்டி வராது சார். வரலேன்னு ஒரு நாளு தெரியும். அன்னிக்கு இத்தினி பாட்டிலும் அப்புறம் எங்க போவும்?"

பாட்டிலைப் படியில் வைத்தார்.

"கோவத்துல ஒரே நாள்ல கொட்டுவாங்க. அன்னிக்கு மழ வந்துச்சுன்னா?"

மறுநாள் முதல் வீடு வீடாக மணியடித்து உண்மையைச் சொன்னார். நாற்காலி கிடையாது, கம்பெனிக்கு இது தெரியாது, மூலையை வெட்டவே வேண்டாம். நான்கு காலைகள் ஆயின. சிலர் சிரித்தார்கள். சிலர் ஏமாந்துவிட்ட கோபத்தில் வேறு ஆளிடம் பால் வாங்கத் தொடங்கினார்கள். சேர்த்த பாட்டில்களை அவரே சுமந்து சென்று பழைய சாமான்காரரிடம் கொடுத்தார். காலி கவரோடு சேர்த்துத்தான் எடுப்பேன் என்று கடைக்காரர் பிகு செய்ய, கவர்களையும் கொடுத்தார்.

கேப்டன் விட்டுவிட்டுப் போன கப்பலில் கணவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். "சக்கர வண்டி வருதுன்னு நானே நம்பிட்டேன் சார். என்னா கலருன்னு கேக்கலாம்னு இருந்தேன். கெடுத்துட்டா."

டீச்சரம்மா வீட்டுக்குக் கடைசியாகப் போனார். டீச்சரம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"அப்போ எதுக்கும்மா இந்த மூலை? நீயே சொல்லு. பைத்தியக்காரி மாதிரி ஊரெல்லாம் சொல்லிட்டு வந்திருக்கேன்."

பால்காரம்மா தன் சந்தைப் பற்றியும், வலையைப் பற்றியும், கட்டிலைப் பற்றியும் சொன்னார். அதுவரை இதையெல்லாம் எந்த வாசலிலும் அவர் சொன்னதில்லை. மூலையைத் தொங்கவிடுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

"தண்ணி வந்தா அவரைக் கட்டிலோட யாரு தூக்குவா?"

"யாராச்சும் வரணும்."

"அந்தக் கம்பியை எடுத்துத் தூரப் போட்டாத்தான் என்ன?"

"எடுத்துட்டுத்தான் இருந்தேன் டீச்சர். இது அப்புறம் கடலுக்குப் போவுதாம்."

"இரு," என்று டீச்சரம்மா உள்ளே போய்க் கத்தரிக்கோலோடு வந்தார். "எப்படி வெட்டணும்னு இன்னொரு தடவை காட்டு."

செப்டம்பரில் பெரிய மழை வந்தது. விடியற்காலை ஐந்தே காலுக்குத் தொடங்கியது. பால்காரம்மா அப்போது என் தெருவில் இருந்தார். பெட்டியில் பாதி பால் மிச்சம். வானத்தைப் பார்த்தார். பெட்டியை என் வாசலில் இறக்கினார். நான் ஸ்கூட்டரை எடுத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சந்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர்; மோரிப் பள்ளத்தில் முழங்காலளவு. வலைக்குப் பக்கத்தில் எதிர்வீட்டுக்காரி கடப்பாரையோடு நின்றிருந்தார்.

"வந்தியா? நல்லாப் பாத்துக்க. தூக்கப் போறேன்."

"ரெண்டு நிமிசம் குடு."

"உம் புருசன் உள்ள கீறாரு, உனக்கு ரெண்டு நிமிசமா!"

பால்காரம்மா தண்ணீரில் உட்கார்ந்து கையைத் தோள்வரை உள்ளே விட்டார். ஒரு செருப்பு வந்தது. வாழைமட்டை வந்தது. பாதி சாக்கு வந்தது. எடுத்ததையெல்லாம் மதில்மேல் வைத்தார். தண்ணீர் வடியவில்லை; ஏறுகிறதா என்றும் தெரியவில்லை. நான் அவருடைய வாசற்படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து கணவரின் குரல் கேட்டது. "எங்க வரைக்கும் வந்துருக்கு?"

"படி வரைக்கும்," என்று கத்தினேன்.

"அப்ப எனக்கு இன்னும் டைம் கீது. அவள அவசரப்படுத்தாதீங்க."

எதிர்வீட்டுக்காரி கடப்பாரையை ஓங்கிப் பிடித்தபடி அந்தக் குரல் வந்த கதவைப் பார்த்தார். பிறகு தண்ணீரில் உட்கார்ந்திருக்கும் பால்காரம்மாவைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரி கழண்ட கேஸு," என்று சொல்லிக்கொண்டே கடப்பாரையைச் சுவரோரம் போட்டுவிட்டு, தானும் இறங்கி மறுபக்கம் கையை விட்டார். விரல்களால் கம்பி கம்பியாகத் துழாவினார்.

"அக்கா."

"இன்னா?"

"வழுவழுன்னு கீது கம்பி. செதிலு இல்ல. ஒண்ணு ரெண்டுதான்."

"அப்ப வேற இன்னா அடைக்குது?"

இருவருமாகச் சேர்ந்து அடியிலிருந்து ஊறிப்போன தலையணை ஒன்றை இழுத்தார்கள். அது வெளியே வந்ததும் வலை உறிஞ்சும் சத்தம் எனக்குக் கேட்டது. அதன்பிறகும் இருபது நிமிடம் மழை பெய்தது. இரண்டு பெண்களும் கையை வெளியே எடுக்கவில்லை. வலை இருந்த இடத்திலேயே இருந்தது.

எத்தனையோ வெள்ளங்களை எழுதியிருக்கிறேன். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்றுதான் அவற்றில் எழுதினேன். அது எங்கே போகும் என்பதைத் தன் வீட்டுக்குள் வரும் தண்ணீருக்கு முன்னால் வைத்த ஒருவரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. அன்று என்னிடம் நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒரு வரியும் எழுதவில்லை.

மழை விட்டபிறகு, சுவரில் தண்ணீர் நின்ற கறை காய்வதற்குள், தையல் டேப் ஒன்றை எதிர்வீட்டில் இரவல் வாங்கி அளந்தேன். பால்காரம்மா வீட்டு வாசற்படி ஒன்பது அங்குல உயரம். தண்ணீர் எட்டே கால் அங்குலம் வரை வந்திருந்தது.